தெரியாத கைப்பேசி

அமுதவள்ளிக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "நான் எல்லாரையும் நம்புவேன், செக் பண்ணிட்டு நம்புவேன்" என்பாள். அந்தச் செக் பண்ணும் வேலை முடிந்து அவள் யாரையாவது நம்பியதாக இதுவரை தகவல் இல்லை. பாசாரில் மீன் வாங்கினால் வீட்டுக்கு வந்து திரும்பவும் நிறுத்துப் பார்ப்பாள். வாடகைக் காரில் ஏறினால் ஓட்டுநரின் முகத்தையும் கைப்பேசியில் உள்ள படத்தையும் மூன்று முறை ஒப்பிட்ட பிறகுதான் கதவைச் சாத்துவாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடமாகக் குமாஸ்தா வேலை. ஏமாந்தவர்களின் கோப்புகளைத் தினமும் தட்டச்சு செய்து செய்து, ஏமாறாமல் இருப்பதே ஒரு முழுநேர வேலை என்ற முடிவுக்கு வந்திருந்தாள்.

அப்படிப்பட்டவள் நாற்பது வயதில் பகுதிநேரமாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு பல்கலைக்கழகம். சனிக்கிழமைகளில் மட்டும் வகுப்பு. ஐந்து வருடம் ஓடிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு பாடம். அந்தப் பாடத்துக்கு வருடத்தில் ஒரு முறைதான் தேர்வு. அதில் தேறினால் பட்டம், பட்டம் வந்தால் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா நாற்காலி. இப்போது அதில் இருக்கிற அம்மா ஆகஸ்ட் மாதம் ஓய்வு பெறுகிறார். "பட்டத்தக் கொண்டா, வந்து ஒக்காரு. இல்லன்னா வெளியிலேருந்து ஆள் எடுக்க வேண்டியதுதான்" என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த வாக்கை மட்டும் அவள் நம்பினாள். அதற்குக் காரணம், அதை அவரிடமிருந்து மின்னஞ்சலில் எழுதி வாங்கியிருந்தாள்.

வில்லங்கம் அந்தக் கடைசிப் பாடத்தில் வந்தது. தேர்வு கணினியில் எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பான வைஃபைக்குள் போனால்தான் கேள்வித்தாள் திறக்கும். அதுபோதாதென்று, காப்பியடிக்காமல் இருக்க, பக்கத்தில் கைப்பேசியை நிறுத்தி அதன் கேமராவை ஓடவிட வேண்டும். அந்தக் கைப்பேசியும் அதே வைஃபையில் இருக்க வேண்டும். ஆக மடிக்கணினி ஒன்று, கைப்பேசி ஒன்று. ஒரு மாணவர் கணக்கில் இரண்டு கருவிகளுக்குத்தான் அனுமதி. இரண்டும் சரியாகிவிட்டது என்றுதானே நினைப்போம்? பொறுங்கள்.

அதுவரை ஐந்து வருடமும் அவள் அந்த வைஃபை பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சேர்ந்த முதல் நாள் இணைக்கப் பார்த்தபோது, 'இந்தச் சான்றிதழை நம்புகிறீர்களா?' என்று திரை கேட்டது. முன்பின் தெரியாத ஒன்று வந்து என்னை நம்புகிறாயா என்று கேட்டால், நம்பாதே என்றுதான் அதற்கு அர்த்தம் என்று அவள் மடிக்கணினியை மூடிவிட்டாள். அன்றிலிருந்து சொந்தக் கைப்பேசியின் டேட்டாவில்தான் படிப்பு.

இந்த மார்ச் மாதம் வேறு வழியில்லாமல் கணினிச் சேவை முகப்புக்குப் போனாள். துணைக்குக் கணவர் ராதாகிருஷ்ணன் வந்தார். சுங்கை வேயில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் சூப்பர்வைசர்; பேசினால் காது வலிக்கும், கோபித்தால் சிரிப்பு வரும், அப்படிப்பட்ட மனிதர். கூடவே வகுப்புத் தோழி லோஜினியும் வந்திருந்தாள். முகப்பில் இருந்தவர் கார்த்திகேசு, முப்பது வயதிருக்கும்.

"லப்டாப்ப குடுங்கக்கா, ரெண்டு நிமிசத்துல முடிச்சுக் குடுக்குறேன்" என்று கார்த்திகேசு கையை நீட்டினார்.

"வேணாம் தம்பி. நீங்க சொல்லுங்க, நாங்க செய்றோம்."

கடவுச்சொல் அடிக்கும் இடம் வந்ததும் கார்த்திகேசுவைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொன்னாள். லோஜினியையும் திரும்பச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கண்ணைப் பொத்திக்கொண்டாள். மடிக்கணினியை ராதாகிருஷ்ணன் மடியில் வைத்திருந்ததால் அவர்தான் அடித்தார். என்ன அடிப்பது என்று கேட்கக்கூட இல்லை. அந்த வீட்டில் எதைத் திறப்பதற்கும் முதன்முதலில் வாங்கிய கஞ்சில் காரின் எண்தான். காரை விற்றுப் பத்து வருடமாகிறது. எண் மட்டும் வீட்டுக் கதவு அலாரத்திலும் வங்கி அட்டையிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் குடியிருக்கும் கிள்ளானில் நூறு வீட்டைத் தட்டினால் அறுபது வீடு இந்தக் கதைதான். பன்னிரண்டு எழுத்து வேண்டும் என்று திரை அடம்பிடித்ததால் எண்ணுக்குப் பின்னால் முருகனைச் சேர்த்தார்கள்.

திரை மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்டது. அமுதவள்ளி யோசித்துக்கொண்டே நின்றாள். ராதாகிருஷ்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்பதைத் தட்டினார்.

"யாரக் கேட்டு அமுக்குனீங்க?"

"அதான் பாவம், மரியாதையா கேக்குதுலா. ஆமான்னு சொல்லிட்டுப் போவியா!"

வைஃபை வந்துவிட்டது. வீடு போய்ச் சேரும்வரை அவள் அவரிடம் பேசவில்லை.

ஜூன் மாதம் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை ஒத்திகைத் தேர்வு வைத்தார்கள். அமுதவள்ளி மடிக்கணினியைத் திறந்தாள், வைஃபை வந்தது. கைப்பேசியை இணைத்தாள், வரவில்லை. 'உங்கள் கணக்கில் இரண்டு கருவிகள் ஏற்கெனவே பதிவாகியுள்ளன' என்றது. மற்றவர்கள் எல்லாம் ஒத்திகை எழுத, அவள் மட்டும் கைப்பேசியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கார்த்திகேசு தன் கணினியில் அவள் கணக்கைத் திறந்து பார்த்தார். கருவிப் பட்டியலில் இரண்டு பெயர். ஒன்று அவளுடைய மடிக்கணினி. இன்னொன்று ஏதோ ஒரு கைப்பேசி.

"இந்தப் போன் யாருதுக்கா?"

"எனக்கெப்படி தம்பி தெரியும்?"

"மே மாசம் மொத வாரத்துலேருந்து வருது. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும். காலையில ஒம்பது மணி வாக்குல ஏறுது, சாயந்தரம் அஞ்சுக்கு எறங்குது. எப்பவும் ஒரே எடம்தான், லைப்ரரி கீழ்த்தளம்."

திங்கள் முதல் வெள்ளி வரை அவள் பிரிக்பீல்ட்ஸில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் பெயரைப் போட்டுக்கொண்டு எவனோ ஒருவன் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறான்! என்னென்ன பார்த்தானோ, யாருக்கு என்னென்ன எழுதினானோ, எல்லாம் அவள் தலையில்தான் விடியும்.

"உங்க பாஸ்வர்ட் வேற யாருக்காவது தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் பொய் சொல்லவில்லை. ராதாகிருஷ்ணன் நினைவுக்கே வரவில்லை. வீட்டில் உள்ள அலமாரிக்குக் கடவுச்சொல் தெரியுமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வாளோ, அதே பதில்தான் அவருக்கும்.

கார்த்திகேசு விதியை விளக்கினார். வெளியாள் திருடியிருந்தால் பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுக்கும். அவளுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. அவளே யாருக்காவது கொடுத்திருந்தால், வாங்கியவருக்கு எச்சரிக்கை. அவள் கணக்கைப் பருவம் முடியும்வரை மூடிவிடுவார்கள். கணக்கில்லை என்றால் வைஃபை இல்லை, வைஃபை இல்லை என்றால் தேர்வில்லை.

"செத்தாலும் குடுக்க மாட்டேன் தம்பி. ஆளப் பிடிங்க."

"அதுக்கு முந்தி பாஸ்வர்ட மாத்திடுங்க. இந்தப் போனயும் நான் தூக்கிடுறேன்."

அவரைத் திரும்பி நிற்கவைத்துவிட்டு மாற்றினாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்று வெகுநேரம் யோசித்து, கஞ்சில் காரின் எண்ணை எடுத்துவிட்டு இப்போது ஓடுகிற மைவி காரின் எண்ணைப் போட்டாள். முருகனை அப்படியே விட்டுவைத்தாள். கணக்கில் காலியான இடத்தில் அவளுடைய கைப்பேசியை இணைக்கலாம் என்று கார்த்திகேசு சொன்னார். "தேர்வன்னிக்குப் பாத்துக்குறேன்" என்றாள். கள்ளன் உலாவும் இடத்தில் தன் கைப்பேசியை முன்கூட்டியே கொண்டுபோய் விட அவளுக்கு மனமில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், அலுவலகத்தில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கருவிப் பட்டியலைத் திறந்தாள். அதே கைப்பேசி. காலை ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு ஏறியிருந்தது.

பழைய கடவுச்சொல்லை எவனோ எப்படியோ பார்த்துவிட்டான் என்றாவது வைத்துக்கொள்ளலாம். புதியது வைத்து மூன்று நாள்தான் ஆகிறது! மாற்றும்போது அங்கே இருந்தது யார்? கார்த்திகேசு. திரும்பித்தான் நின்றார், ஆனால் எதிரே சன்னல் கண்ணாடி இருந்ததே, அதில் தெரிந்திருக்காதா? வைஃபையை வைத்திருப்பவனே வைஃபையைத் திருட மாட்டான் என்று என்ன நிச்சயம்? அக்கா அக்கா என்று குழையும்போதே யோசித்திருக்க வேண்டும். அப்புறம் லோஜினி. மார்ச் மாதம் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாளே, விரல் இடுக்கு வழியாகப் பார்த்திருந்தால்? எதற்குச் சிரித்தாள்? கண்ணை மூடச் சொன்னால் சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

லோஜினிக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதினாள். "இன்னிக்கு லைப்ரரியிலயா இருக்க?"

"இல்லக்கா, வேலையில. ஏன்?"

"சும்மாதான். உன் போன் என்ன மாடல்?"

"ஏன்க்கா கேக்குறீங்க?"

"சொல்லேன். மே மாசம் லீவு எதும் எடுத்தியா?"

நீலக் குறி இரண்டு விழுந்தது. பதில் வரவில்லை. ஐந்து வருடம் குறிப்புகளைப் பகிர்ந்து, காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பெண். பதில் சொல்லாததே அவள் மேல் ஒரு மதிப்பெண்ணைக் கூட்டியது, சந்தேகத்தில்.

அன்று மாலை வீட்டில் ராதாகிருஷ்ணன் வழக்கம்போல் ஆறரை மணிக்கு வந்தார், குளித்தார், தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்.

"ஏன் ஒரு மாதிரியா இருக்க?"

"ஒண்ணுமில்ல. பரீட்ச டென்ஷன்."

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். அதைவிட, அவர் வாயில் எதுவும் தங்காது. காலையில் சொன்னால் மதியத்துக்குள் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. திருடனைப் பிடிக்கும்வரை காதும் காதும் வைத்தாற்போல் இருக்க வேண்டும்.

புதன்கிழமை கார்த்திகேசுவுக்குப் போன் போட்டாள். "அந்தாளு இன்னும் வர்றான். நாளைக்கு நான் நேர்ல வரேன். கையும் களவுமா பிடிக்கணும்." அவர் ஒரு நொடி யோசித்துச் சரி என்றார். அந்த ஒரு நொடியை அவள் குறித்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை எப்போதும்போல் ராதாகிருஷ்ணன் அவளைக் கிள்ளான் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார். அவள் அலுவலகத்துக்கு அவசர விடுப்புச் சொல்லிவிட்டு, வழியில் இறங்கி, வாடகைக் கார் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாள். மணி பதினொன்றாகியிருந்தது. கார்த்திகேசு காவலுக்கு நிற்கும் ஜாகா ஒருவரைக் கூட்டிவைத்துக்கொண்டு நூலக வாசலில் நின்றார். கையில் ஒரு சின்னக் கணினி.

"பசியாறிட்டீங்களாக்கா?"

"உங்க போன் எங்க தம்பி?"

கார்த்திகேசு அவளைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சிருங்க. இப்பப் பாருங்க, அந்தப் போன் உள்ளதான் இருக்கு" என்று கணினியைக் காட்டினார். பட்டியலில் அந்தத் தெரியாத கைப்பேசிக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கைப்பேசியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கீழ்த்தளத்தில் செய்தித்தாள் பகுதி. அங்கே வெளியாட்களும் வந்து உட்காரலாம்; மேல்மாடிக்குப் போகத்தான் அட்டை வேண்டும். கார்த்திகேசு கணினியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தார். வலது பக்கம், தூண் தாண்டி, சன்னலோரம். சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்தால் கணக்கு முடக்கப்படும். அதன் கீழே வரிசையாக நாற்காலிகள். ஒன்றில் ஒரு சீனப் பெரியவர் நாளிதழை மார்பில் விரித்துக்கொண்டு தூங்கினார். இரண்டு நாற்காலி தள்ளி ஒருவர், முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பேசியில் குனிந்திருந்தார்.

அமுதவள்ளிக்கு முதலில் சட்டைதான் தெரிந்தது. வெளிர் நீலத்தில் கோடு போட்டது. காலையில் காலருக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டது அவள்தான்.

அந்த நேரத்திலும் அவள் மனது என்ன நினைத்தது தெரியுமா? எவளையோ பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தது. சுற்றிலும் பார்த்தாள். பெரியவரையும் நாளிதழ்களையும் தவிர யாரும் இல்லை. பிறகுதான் அவர் தோளுக்கு மேலாக அந்தக் கைப்பேசித் திரையை எட்டிப் பார்த்தாள். அவருடைய கைப்பேசிதான், ஓரத்தில் கீறல்கூட இருந்தது. ஐந்து நாளாக ஏதோ ஒரு மாடல் எண்ணாகப் பட்டியலில் பார்த்துப் பயந்தது, தினமும் சாப்பாட்டு மேசையில் அவள் கைக்கு அருகிலேயே கிடந்திருக்கிறது.

திரையில் வேலைக்கு விண்ணப்பம். வயது, ஐம்பத்தொன்று. கடைசியாகச் செய்த வேலை, சூப்பர்வைசர். வேலை முடிந்த தேதி, ஏப்ரல் முப்பது.

ஏப்ரல் முப்பது. அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். ஆறு வாரம். ஆறு வாரமாக இந்த மனிதர் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, அவளை நிலையத்தில் இறக்கிவிட்டு, 'இன்னிக்கு லைன்ல ஒரே வேலலா' என்று மாலையில் வந்து சொல்லிக்கொண்டு... வீட்டில் இருக்க முடியாது. எதிர்வீட்டு ஆன்டி, பகலில் கார் நிற்பதைப் பார்த்தால் அன்றைக்கே போன் போட்டுவிடுவாள். போவதற்கு வேறு இடம் இல்லாமல், சனிக்கிழமைகளில் மனைவியைக் கொண்டுவந்து விடும் இடத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசி புதுக் கடவுச்சொல் கேட்டபோது, பல்கலைக்கழகத்தில் மாற்றச் சொல்லியிருப்பார்கள் போல என்று எண்ணி, மைவியின் எண்ணை அடித்திருப்பார். ஒரே தடவையில் திறந்திருக்கும்.

"பாஸ்," என்று கார்த்திகேசு அவர் தோளைத் தொட்டார். "இது உங்க போனா?"

ராதாகிருஷ்ணன் திரும்பினார். கார்த்திகேசுவைப் பார்த்தார், ஜாகாவைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். மார்ச் மாதம் ஒரே ஒரு தடவை, அதுவும் முக்கால்வாசி நேரம் சுவரைப் பார்த்து நின்றதால், கார்த்திகேசுவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

"நீங்க இந்த அக்காவோட கணக்குல ஏறியிருக்கீங்க. இவங்களத் தெரியுமா உங்களுக்கு?"

அவர் தலைக்கு மேலே அந்த அறிவிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வாரமாக அதன் கீழே உட்கார்ந்திருந்தவர். தினமும் படித்திருப்பார்.

"தெரியாது" என்றார் ராதாகிருஷ்ணன்.

அவள் திடுக்கிட்டாள்.

"பாத்ததே இல்ல பாஸ். ஒரு தாள்ல நம்பர் எழுதி, கார் பார்க்ல கெடந்துச்சு. போட்டுப் பாத்தேன், ஏறிருச்சு. என் தப்புதான். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

கோபித்தால் சிரிப்பு வருகிற அந்த முகத்தில் அப்போது சிரிப்பு வருகிற மாதிரி எதுவும் இல்லை. அவளைப் பார்க்காமல், கார்த்திகேசுவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஜாகா இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தார்.

கார்த்திகேசு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கக்கா. இவரத் தெரியுமா?"

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. தெரியாது என்ற ஒரு சொல் போதும். அவளுக்கு ஒரு கேடும் வராது. நாற்காலி ஆகஸ்ட்டில் காத்திருக்கும். அவரே சொல்லிவிட்டார், அவள் ஒத்துக்கொண்டால் போதும். அந்தச் சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. வரவில்லை என்று மறைப்பதில் பயனில்லை. ஆறு வாரம் முகத்துக்கு நேரே பொய் சொன்ன மனிதர்தானே, அனுபவிக்கட்டும் என்றுகூட நினைத்தாள். அவ்வளவு ஆத்திரம்.

ஜாகா வாக்கி டாக்கியில் மலாயில் யாரிடமோ ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராதாகிருஷ்ணன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போடப் பார்த்தார். பை எங்கே என்று கைக்குத் தெரியவில்லை. இரண்டு முறை தடவினார்.

"பை இடது பக்கம்தான இருக்கு, எங்க தேடுறீங்க?" என்று அமுதவள்ளி கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த சீனப் பெரியவர் விழித்துக்கொண்டார். "தம்பி, இவரு என் வீட்டுக்காரரு. பேரு ராதாகிருஷ்ணன். பாஸ்வர்ட நாந்தான் குடுத்தேன்."

"பொய் சொல்லுது பாஸ்! அது ஒண்ணும் குடுக்கல, நானாத்தான் காடி நம்பரப் போட்டு..." என்று ஆரம்பித்த ராதாகிருஷ்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். கார் பார்க்கில் கிடந்த தாளை அவரே கிழித்துவிட்டது அவருக்கே புரிந்தது.

கார்த்திகேசு ஜாகாவைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு தணிந்த குரலில் பேசினார். "அக்கா, நான் இன்னும் ஒண்ணும் எழுதல. தாளு மேல போயிருச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அஞ்சு வருசம் படிச்சிருக்கீங்க. தெரியாதுன்னே இருக்கட்டும். போலீஸ் வரைக்கும் போகாம நான் பேசிப் பாக்குறேன்."

"பேசிப் பாத்தும் முடியலன்னா?"

அவர் சுவரிலிருந்த அறிவிப்பைப் பார்த்தார். அவளுக்கு அப்போதுதான் கார்த்திகேசுவின் கைப்பேசி இன்னும் தன் கையில் இருப்பது தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை அவரிடம் நீட்டினாள்.

"எழுதுங்க தம்பி."

முகப்புக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கார்த்திகேசு ஒரு பொத்தானைத் தட்டினார். அமுதவள்ளியின் மடிக்கணினியில் வைஃபை சின்னம் மறைந்தது. பருவம் முடியும்வரை திறக்காது. அடுத்த தேர்வு அடுத்த ஜூன் மாதம்தான். அதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து ஒன்பது மாதம் ஆகியிருக்கும். லோஜினிக்கு வேறு ஒரு செய்தி எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இருவரும் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். உச்சி வெயில் தாரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அவர் இரண்டடி பின்னால் வந்தார்.

"ஏன் அமுதா சொன்ன? நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேன். ஒரு வருசம் போச்சே."

அவளிடம் கேள்விகள் வரிசையாக நின்றன. ஏன் சொல்லவில்லை, வேறு யாருக்குத் தெரியும், எத்தனை இடத்தில் விண்ணப்பம் போட்டீர்கள், எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள், இன்னும் எத்தனை நாள் இப்படியே ஓட்டுவதாக இருந்தீர்கள். வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தவள். ஒவ்வொன்றாகக் கேட்டு உண்மையை உரித்தெடுக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம். காரின் பின் இருக்கையில், காலையில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. அதைப் பார்த்ததும் வாயில் வேறொன்று வந்தது.

"லைப்ரரியில சாப்பிட விட மாட்டாங்களே. மத்தியானம் எங்க வச்சு சாப்பிட்டீங்க?"

"காடிக்குள்ளதான்."

"இந்த வெயில்லயா?"

"கண்ணாடிய எறக்கி விட்டுக்குவேன்." அவர் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். "சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாளும் மிச்சம் வச்சதில்ல."

எதையும் திரும்பவும் ஒரு முறை சரிபார்க்கிற பெண், இதைச் சரிபார்க்கவில்லை. ஆறு வாரமும் டப்பா காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது; கழுவியவள் அவள். அந்த வெந்த காருக்குள் தனியாக உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்றிருக்கிறார், அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று. அமுதவள்ளிக்குத் தாங்கவில்லை. கார் நிறுத்துமிடம் என்றும் பாராமல், பட்டப்பகலில், காரின் சூடான கூரையில் கையை ஊன்றிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ராதாகிருஷ்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் அவளுக்காகக் கதவைத் திறந்தார், பிறகு வெயில் படாமல் இருக்க அவள் பக்கத்தில் வந்து நின்றார்.